நித்தியகல்யாணி என் தோட்டத்தில்தான் விளைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தோட்டத்தில் களை பார்த்துக்கொண்டு நின்றேன். டிவிஎஸ் வண்டியில் ஒருவர் வந்து வேலியோரம் இறங்கினார். முன்பின் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருப்பார்.

"அண்ணாச்சி, நீங்க நித்தியகல்யாணி போட்டிருக்கியன்னு சொன்னாவ. எனக்கு ரெண்டு கிலோ இலை வேணும். என்ன காசோ தாரேன்" என்றார்.

வியாபாரி இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. வியாபாரி இரண்டு கிலோ கேட்க மாட்டார், மூட்டைக் கணக்கில் கேட்பார், அதுவும் காய்ந்த இலையை. எதற்கு என்று விசாரித்தேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை. ரத்தப் புற்றுநோயை நித்தியகல்யாணி விரட்டும் என்று தலைப்பு. ஒரு கைப்பிடி இலையோடு நாலு மிளகு தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரை அரை டம்ளராகச் சுண்டவைத்து, ஒரு மண்டலம் குடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அவருடைய மகளுக்கு எட்டு வயது. ரத்தப் புற்றுநோய். திருநெல்வேலியில் வைத்தியம் நடக்கிறது. ஊசி போட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறதாம். முடியெல்லாம் கொட்டிவிட்டது, கால் வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் அழுகிறாள் என்றார்.

"இதக் குடுக்கப் போறோம்னு டாக்டர்ட்ட சொன்னியளா?" என்று கேட்டேன்.

"சொன்னா திட்டுவாவல்லா, அண்ணாச்சி."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் இலை கொடுக்கவில்லை. அரை மணி நேரம் வரப்பில் உட்கார வைத்துப் பேசினேன். மனசு சமாதானம் ஆகாமல், கொஞ்சம் கோபத்தோடுதான் வண்டியை எடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இருந்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

சாத்தான்குளம் வட்டத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் செம்மண் இருக்கிறது, மானாவாரி. வயது 61. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பதினாறு வருடமாக நித்தியகல்யாணிதான் போடுகிறேன். ஆடு மாடு வாய் வைக்காது. மழை ஏமாற்றினாலும் செடி செத்துப்போகாது. ஆறாம் மாதம் ஒரு தடவை இலை பறிப்போம், ஒன்பதாம் மாதம் ஒரு தடவை. வருடம் திரும்பியதும் செடியை அறுத்து, வேரைத் தோண்டி எடுப்போம். இலை தனி மூட்டை, வேர் தனி மூட்டை. வேர் ரத்த அழுத்த மருந்துக்குப் போகிறது, இலை புற்றுநோய் மருந்துக்குப் போகிறது. ஊருக்குள் இதைச் சுடுகாட்டு மல்லி என்றுதான் சொல்லுவார்கள். வீட்டு வாசலில் யாரும் வைக்க மாட்டார்கள். அந்தப் பேர் உள்ள செடியிலிருந்து உயிர் பிழைக்கிற மருந்து எடுக்கிறார்கள் என்பதில் எனக்கு எப்போதுமே ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் அப்புறம் என்னைத் தவறு செய்ய வைத்தது.

உங்கள் கட்டுரையில் ஒன்று உண்மை. நித்தியகல்யாணி இலையில் புற்றுநோய் மருந்து இருக்கிறது. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று இரண்டு. அந்தக் கதையை என் அக்கா மகள் ஒரு நாள் எனக்கு வாசித்துச் சொன்னாள். ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்கிற டாக்டருக்கு அங்கிருந்து இலை வந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்தன. வெள்ளை அணுவை இப்படிக் குறைக்கிற பொருள் ரத்தப் புற்றுநோய்க்கு ஆகுமே என்று யோசித்து, சார்லஸ் பீர் என்பவரும் அவரும் இலையிலிருந்து அதைத் தனியாகப் பிரித்தார்கள். அதாவது கஷாயமாகக் குடித்தவர்கள் தேடியது ஒன்று, பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது வேறொன்று. உங்கள் கட்டுரை இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிவிட்டது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். இது எங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்ட கணக்கு. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க அரை டன் அளவுக்குக் காய்ந்த இலை வேண்டும் என்கிறார்கள். மானாவாரியில் ஏக்கருக்கு எனக்கு 700, 800 கிலோ காய்ந்த இலை கிடைக்கும். இரண்டு ஏக்கரில் ஒரு வருடம் பாடுபட்டால் வருவது மூன்று கிராம். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். பெரிய ஆளுக்கு ஒரு தடவைக்கு அதிகம் போனால் 2 மில்லிகிராம் ஏற்றுவார்கள். அந்த 2 மில்லிகிராமைத் தாண்டினால் நரம்பு கெட்டுவிடும் என்று அவ்வளவு பயந்து பயந்து கொடுக்கிற மருந்து. ஊசி ஏற்றும்போது ரத்தக் குழாய்க்கு வெளியே கொஞ்சம் கசிந்தாலும் சதை வெந்துவிடும் என்று சிஸ்டர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். வாயால் குடித்தால் குடலில் எவ்வளவு சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் ஊசியாகவே கொடுக்கிறார்கள். இதுபோக அந்த இலையில் நூற்றுக்கு மேற்பட்ட வேறு சத்துகளும் இருக்கின்றன. ரத்த அழுத்தத்தை இறக்குவது மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை செய்யும். ஒரு கைப்பிடி இலையில் எது எவ்வளவு என்று, பதினாறு வருடம் இதையே பயிர் செய்கிற எனக்கே தெரியாது.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். 2021 இல் தெரியாது.

அந்த வருடம் ஆடி மாதம் அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு, வலி இல்லை. அக்காவுக்கு அப்போது 58 வயது. அத்தான் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். பனை ஓலைப் பெட்டி முடைவதில் எங்கள் ஊரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கட்டியில் ஊசி குத்திப் பார்த்தார்கள், அப்புறம் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். லிம்போமா, நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய். ஆறு தடவை கீமோ மருந்து ஏற்ற வேண்டும், குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். அவர் எங்களுக்குக் கொடுக்க முடிந்தது மூன்று நிமிடம். அதில் என் காதில் விழுந்தது புற்றுநோய் என்ற சொல் மட்டும்தான்.

எங்கள் சித்தப்பா ஒருவர் 1990களில் இந்த நோய்க்கு மருந்து ஏற்றி, வாந்தி எடுத்தே ஒடுங்கிப் போனார். அது வீட்டில் எல்லோருக்கும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதனால் நான் அக்காவை ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். பட்டம் எதுவும் அவர் சுவரில் தொங்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் எங்களோடு ஒரு மணி நேரம் பேசினார். அக்கா கையைப் பிடித்து நாடி பார்த்தார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டார். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம் என்று இப்போது நினைக்கிறேன்.

கறுப்பாக ஒரு மெழுகு உருண்டை. காலை ஒன்று, இரவு ஒன்று. கடும் பத்தியம். புளி கூடாது, உப்பு கூடாது, மீன், முட்டை, பால், பருப்பு எதுவும் கூடாது. வெறும் அரிசிக் கஞ்சி. பதினோரு வாரம். 54 கிலோ இருந்த அக்கா 45 கிலோ ஆனாள். கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்து, மறுபக்கக் கழுத்திலும் அக்குளிலும் புதிதாக முளைத்தது. கட்டி பெரிதாவது உள்ளே இருக்கிற விஷம் வெளியே வருவதற்கு அடையாளம் என்று அந்த வைத்தியர் சொன்னார். அதையும் நம்பினோம். 46,000 ரூபாய் ஆயிற்று. கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி அக்காவுக்கு எச்சில் விழுங்க முடியாமல் போன பிறகுதான் பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடினோம். அங்கே அதே டாக்டர்தான். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடையைப் பார்த்துவிட்டு, "முதல்ல சாப்பிட வைங்க" என்றார்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் மருந்துச் செலவு தாங்கியது. 21 நாளுக்கு ஒரு தடவை, ஐந்து மருந்து. அதில் ஒன்று செக்கச்செவேல் என்று இருக்கும். இன்னொன்று இரண்டே இரண்டு சின்னக் குப்பி, தண்ணீர் மாதிரி. அது என்ன என்று கேட்டேன். "இது நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கிற மருந்து" என்றார் டாக்டர்.

ஆசிரியர் அவர்களே, அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் மண்ணில் விளைகிற இலை என் அக்கா உடம்பில் ஏறுகிறது. முதல் ஊசிக்கே கழுத்துக் கட்டி பாதியாக வற்றியது. அப்படியானால் இரண்டு சொட்டு மருந்து இவ்வளவு செய்யும் என்றால், நம் தோட்டத்து இலையைப் பச்சையாகவே கொடுத்தால் இன்னும் எவ்வளவு செய்யும்? இப்படித்தான் என் புத்தி போயிற்று. இரண்டாவது ஊசி முடிந்த மறுநாளிலிருந்து, விடியுமுன் போய்க் கொழுந்து இலையாகப் பறித்து வந்தேன். எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்ததால் சீந்தில் கொடியும் ஒரு துண்டு. மிளகும் தட்டிப் போட்டேன். உங்கள் கட்டுரையில் இருக்கிற அதே செய்முறைதான் ஏறக்குறைய. பன்னிரண்டு நாள் கொடுத்தேன். கசப்பில் அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். தம்பி கொடுக்கிறானே என்று குடித்தாள்.

எட்டாம் நாள் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தாள். பலவீனம் என்று நினைத்தோம். மூன்றாவது ஊசிக்குப் போனபோது ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி, அதாவது ஈரல் கெட்டிருப்பதைக் காட்டுகிற எண், பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது, கண் மஞ்சளாக இருந்தது. ஊசியை நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளே ஒளிந்திருந்து கிளம்பிவிட்டதோ என்று அதற்கு ஒரு பரிசோதனை. பித்தப்பையில் கல்லோ என்று ஒரு ஸ்கேன். எதிலும் ஒன்றும் அகப்படவில்லை. மருந்தே ஒத்துக்கொள்ளவில்லையோ, மாற்றிவிடலாமா என்று டாக்டர்கள் பேசிக்கொள்வது என் காதில் விழுந்தது. "வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்று எங்களிடம் கேட்டார்கள். நானும் அக்காவும் ஒரே குரலில் "இல்ல சார்" என்றோம்.

அன்று சாயங்காலம் வார்டில் இருந்த சிஸ்டர் ஒருவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "எங்க அம்மைக்கு நோய் வந்தப்ப நானே மஞ்சளும் வேப்பிலையும் அரச்சுக் குடுத்திருக்கேன், நர்ஸா இருந்துக்கிட்டு. யாருக்கும் மனசு கேக்காதுல்லா. நீங்க என்ன குடுக்கிய?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. எத்தனை நாள், எவ்வளவு இலை, கடைசியாக எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். டாக்டர் வந்தார். அவரும் திட்டவில்லை. இந்த வின்கிரிஸ்டின் ஈரல் வழியாகத்தான் உடம்பை விட்டுப் போக வேண்டும், ஈரல் சுணங்கினால் அளந்து கொடுத்த 2 மில்லிகிராம் உள்ளேயே தங்கி நரம்பைத் தாக்கும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

கஷாயத்தை நிறுத்திய பிறகு எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்றாவது ஊசி 18 நாள் தள்ளிப் போயிற்று. கஷாயத்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, வேறு காரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்றார் டாக்டர். அதில் இலை செய்தது எவ்வளவு, சீந்தில் செய்தது எவ்வளவு என்றும் பிரிக்க முடியாதாம். சீந்தில் குடித்து ஈரல் கெட்டவர்களைப் பற்றி 2021 இல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், அக்கா மகள் எடுத்துக் காட்டினாள். அந்தச் சிஸ்டர் மட்டும் கேட்டிருக்காவிட்டால் நல்ல மருந்தை மாற்றியிருப்பார்கள், நான் வீட்டுக்குப் போய் இன்னும் பன்னிரண்டு நாள் காய்ச்சிக் கொடுத்திருப்பேன்.

இதையெல்லாம் வைத்து நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கே மூட்டுவலிக்குச் சித்த மருந்துதான். அக்கா வீடு திரும்பிய பிறகு அரசு ஆஸ்பத்திரியில் உள்ள சித்த மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். முறையாகப் படித்தவர். ரிப்போர்ட் முழுவதையும் வாசித்தார். "கீமோ முடியிற வரைக்கும் உள்ளுக்கு எதுவும் வேண்டாம். நான் குடுத்தாலும் அந்த டாக்டருக்குத் தெரிஞ்சுதான் குடுக்கணும்" என்றார். பத்தியத்தை உடைக்கச் சொன்னவரும் அவர்தான். முட்டை, மீன், பயறு, தயிர் எல்லாம் வேகவைத்துச் சூடாகக் கொடுங்கள் என்றார். அந்த வைத்தியர் கொடுத்த மெழுகு உருண்டையில் மீதி இருந்த ஒன்றைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, பாதரசம் சேர்ந்திருக்கலாம், இதை எப்படிச் சுத்தி செய்தார்கள் என்று தெரியாமல் நாய்க்குக்கூடக் கொடுக்க மாட்டேன் என்றார். சித்த மருத்துவத்தின் மேல் என் மரியாதை அன்றைக்குக் கூடியது.

மருந்தோடு சேர்த்து நல்லது செய்தவையும் உண்டு, அவற்றை மறைத்தால் பாவம். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள், அது மிகவும் கேட்டது. குமட்டலுக்கு ஆஸ்பத்திரி மாத்திரையோடு, கேட்டுக்கொண்டு, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். காலையிலும் மாலையிலும் தேரிக்காட்டு ஓரம் கொஞ்ச தூரம் நடை. வாரம் இரண்டு நாள் ஒரு யோகா டீச்சர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மருந்து ஏற்றும் முந்தின ராத்திரிப் பயம் அதில்தான் குறைந்தது என்று அக்கா சொல்லுவாள். இதை ஊர்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையும் பெங்களூரில் உள்ள எஸ்-வியாசா யோகா பல்கலைக்கழகமும் சேர்ந்து, கதிர்வீச்சு வைத்தியத்தில் இருந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் சோதித்து 2014 இல் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்களின் அன்றாட நடமாட்டம் மேம்பட்டதாம். கட்டி கரைந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, வைத்தியத்தைத் தாங்க உடம்புக்கு உதவியது என்றுதான் சொன்னார்கள். அக்கா குலசை முத்தாரம்மனுக்கும் நேர்ந்துகொண்டாள். அதை எந்த டாக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்கா மகள் வாசித்துச் சொன்ன இரண்டு ஆய்வுகளை உங்கள் வாசகர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018 இல் வெளியிட்டவை. பரவாத நிலையில், அதாவது குணமாக்கக்கூடிய நிலையில் நோய் கண்டுபிடிக்கப்பட்டும் மாற்று வைத்தியம் மட்டுமே போதும் என்று போன 281 பேரை முதல் ஆய்வில் எடுத்துக்கொண்டார்கள். முறையான சிகிச்சை எடுத்தவர்களைவிட இவர்களுக்குச் சாவு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோய் என்றால் ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டாவது ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஆஸ்பத்திரி சிகிச்சையோடு சேர்த்து மற்ற வைத்தியமும் எடுத்தவர்களுக்கும் அபாயம் இரண்டு மடங்கு இருந்தது. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், இவர்களில் நிறையப் பேர் அறுவை சிகிச்சையையோ, கீமோவையோ, கதிர்வீச்சையோ, ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது. சேர்த்துக்கொள்கிறோம் என்று ஆரம்பித்து, சேர்த்ததை வைத்துக்கொண்டு இருந்ததைக் கைவிட்டவர்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள்.

அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கோவில்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். 41 வயது. மார்பில் சின்னக் கட்டியாக இருந்தபோதே கண்டுபிடித்துவிட்டார்கள். கத்தி வைத்தால் பரவும் என்று யாரோ சொல்ல, ஒரு வருடம் மேலுக்கு எண்ணெயும் பற்றும், உள்ளுக்கு முள் சீத்தாப்பழமும் இலைச் சாறும். புண்ணாகி வெடித்த பிறகு வந்திருந்தார். துணியால் மூடிக்கொண்டு, வாடைக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார். அக்கா அவருக்குத் தலை வாரிவிடுவாள், இருந்த நாலு முடியை. எங்களுடைய ஐந்தாவது ஊசிக்குப் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். முள் சீத்தா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி உள்ளது என்று இன்றைக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அனுப்புகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த அம்மாவைப் பற்றி எழுதி அனுப்புகிறேன். பாதிப்பேர் பதில் போடுவதில்லை.

இப்போது உங்கள் பத்திரிகைக்கு வருகிறேன். அதே ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு விளம்பரமும் இருந்தது. கத்தி இல்லை, கீமோ இல்லை, எந்த நிலைப் புற்றுநோயும் மூலிகையால் குணம் என்று, ஒரு செல்போன் எண்ணோடு. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம் 1954 இலேயே வந்துவிட்டது. இன்னின்ன நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் 54 நோய்களின் பட்டியல் இருக்கிறது, புற்றுநோயும் அதில் உண்டு. மீறினால் முதல் தடவையே ஆறு மாதம் வரை சிறை. அதே 1954 இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கையோடு ஆரம்பித்தார். அவர் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த ஒரு ஆஸ்பத்திரியைக் கொண்டுவர அவர் அத்தனை வருடம் அலைந்த நாட்டில், இத்தனை வருடம் கழித்தும் இந்த விளம்பரம் எப்படி உங்கள் பக்கத்தில் ஏறுகிறது? அந்த இடத்துக்கு வந்த காசு பெரிதாக இருக்காது. முப்பது வருட வாசகனாகக் கேட்கிறேன், கோபமாகவே கேட்கிறேன்.

டாக்டர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் படிப்பீர்கள் என்றால், "வேற மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்காதீர்கள். எங்களுக்குக் கஷாயம் மருந்து இல்லை, மருதாணி, மஞ்சள், வேப்பிலை மாதிரி வீட்டுச் சமாச்சாரம். இல்லை என்றுதான் சொல்லுவோம். வீட்டில் என்ன காய்ச்சிக் கொடுக்கிறீர்கள், என்ன பொடி, என்ன லேகியம், யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் உட்கார்ந்து கேளுங்கள். நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும், வெளியே நிற்கிற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஒரு சிஸ்டரையாவது அதற்கென்று விடுங்கள். கீமோவுக்கு வருகிற ஒவ்வொரு ஆளிடமும், ஒவ்வொரு தடவையும். எங்களுக்கு அது எட்டாவது நாள் கிணற்றடியில் விழுந்தபோது கிடைத்திருந்தால் 18 நாள் மிச்சமாகியிருக்கும்.

அக்கா ஆறு ஊசியையும் முடித்தாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டிவிட்டு வருகிறோம். விரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே கிடக்கிறது. நாலு வரிசை முடைந்தால் ஓலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை என்கிறாள். அந்த மருந்துக்கே அந்தக் குணம் உண்டு. ஈரல் சுணங்கிய அந்த நாட்கள் அதைக் கூட்டியதா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார், பதில் சொல்லவில்லை.

நான் கேட்பது இதுதான். வருகிற ஞாயிறே, அதே இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். நித்தியகல்யாணிக் கஷாயம் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து இல்லை, சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது ஆபத்து, ஏற்கெனவே கொடுத்திருந்தால் பயப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று தெளிவாகப் போடுங்கள். மாதக் கடைசி வரை தள்ள வேண்டாம். அந்தப் பிள்ளையின் அப்பா பேரையோ போன் நம்பரையோ நான் வாங்கிவைக்காமல் விட்டுவிட்டேன். திசையன்விளைப் பக்கம் என்று மட்டும் தெரியும். அந்தப் பக்கம் போகிற மினிபஸ் டிரைவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன், இதுவரை தகவல் இல்லை. நான் இலை கொடுக்காததால் ஒன்றும் நின்றுவிடாது. இந்தச் செடி எங்கள் பக்கத்தில் சுடுகாட்டு ஓரமும் ரோட்டோரமும் தானாக முளைத்துக் கிடக்கிறது. குனிந்தால் பறித்துக்கொள்ளலாம். அவர் உங்கள் பத்திரிகையை வாங்குகிறவர், ஞாயிறு இணைப்பைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவர். வேறு எந்த வழியிலும் அவரிடம் எனக்குப் பேச முடியவில்லை.

இப்படிக்கு,
நித்தியகல்யாணி பயிரிடும் விவசாயி,
சாத்தான்குளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.